ஐந்நூற்றுப் பத்து மரம்

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முதல் வளைவு முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு கோடு இருக்கும். கோட்டின் இரண்டு முனையிலும் சின்னக் கொடி நட்டிருப்பார்கள். அந்தக் கொடி வரைக்கும் அவரவர் பாதையை விட்டு விலகக் கூடாது. தாண்டிய பிறகுதான் உள்பாதைக்கு இறங்கலாம். 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கேரளத்து ஷைனி ஆபிரகாம் அந்தக் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட்டார். மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு ஓடியும் தங்கம் கிடைக்கவில்லை, தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் ஜகார்த்தாவில் அதே எண்ணூறு மீட்டரில் ஆசிய வெற்றியாளராக வந்தவர் அவர்.

இந்தச் செய்தியைச் சொன்னபோது எங்கள் உடற்கல்வி ஆசிரியரின் குரல் கம்மிவிட்டது. அவர் மலாய்க்காரர். ஆசிரியரை மலாயில் அழைக்கிறபடி நாங்கள் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக அவர் அப்படி வருந்தியது எனக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் மாலை பள்ளித் திடலுக்கு ஒரு கட்டு ராபியா கயிறு கொண்டுவந்தார். ஏழாம் பாதையில் கொடி நட்டு, அங்கிருந்து நேர்ப்பாதையின் மறுமுனையில் உள்பாதை விளிம்பு வரைக்கும் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"கொடியைத் தாண்டியதும் எல்லாரும் உள்ளே பாய்வார்கள். நீ பாயாதே. இந்தக் கயிற்றை ஒட்டியே ஓடு."

சட்டென்று உள்ளே வெட்டினால் தூரமும் கூடும், முழங்கையும் இடிபடும். சாய்வாக ஒரே கோட்டில் போனால் அடுத்த வளைவு வருவதற்குள் உள்பாதை தானாக வந்து சேரும். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தால் மறந்திருப்பேன். கயிற்றை ஒட்டி எத்தனை மாலை ஓடினேன் என்று கணக்கில்லை. கயிறு நைந்து அறுந்த பிறகும் புல்லில் அதன் தடம் கிடந்தது.

எங்கள் தோட்டம் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில், தார்ச்சாலையிலிருந்து மண்சடக்கில் மூன்று மைல் உள்ளே இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அந்த வட்டாரம் முழுக்கத் தட்டை நிலம். ஒரு பக்கம் பால்மரம், ஒரு பக்கம் செம்பனை, கடலை நெருங்கினால் அலையாத்திக் காடு. மேடு ஏறி ஓடிப் பழக வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் மலாவத்திக் குன்றுக்குத்தான் போக வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குச் சுற்றி ஏறும் அந்தச் சாலையில் சிக்கு எங்களைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குவார். வெள்ளிக் குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மாவும் அப்பாவும் பால் வெட்டுகிறவர்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டு விலகும்போது முதல் மரத்தில் உளி வைப்பார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும், அதனால் காலையில்தான் வெட்டியாக வேண்டும். அப்பாவுக்கு 510 மரம். அந்த எண்ணை அவர் அடிக்கடி சொல்வார், வீட்டு எண்ணைச் சொல்வதுபோல. ஒவ்வொரு மரத்திலும் பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டுவிடும், குறைந்தால் பால் வராது. இப்படி 510 தடவை. பிறகு அதே 510 மரத்துக்கும் திரும்பிப் போய் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்ற வேண்டும்.

நான் ஓடக் கற்றுக்கொண்டது அங்கேதான். பள்ளி விடுமுறையில் பால் எடுக்க அம்மாவுக்குத் துணையாகப் போவேன். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் தோட்டம் முழுக்க ஒரு சத்தம் கிளம்பும்: "மழ வருது, மழ வருது!" மழை மங்கில் விழுந்தால் பால் வழிந்து போகும், அன்றைய கூலியும் அதோடு போகும். நிரைக்கு நிரை பிள்ளைகள் வாளியோடு ஓடுவோம். பால் தளும்பாமல் ஓட வேண்டும். தோளை ஆட்டாமல் ஓடுவது எனக்கு எப்படி வந்தது என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் அங்கே கற்றேன். முதல் நாள் உளி பிடித்தபோது ஆசையில் வேகவேகமாகச் சீவினேன். அப்பா தடுக்கவில்லை. நூறு மரம் தாண்டியதும் கை நடுங்கி ஒரு மரத்தில் காயம் போட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார்: "கடைசி நெரைக்குக் கொஞ்சம் கை வச்சிக்கணும் பாப்பா." எண்ணூறு மீட்டருக்கு வேண்டிய முழுப் பாடமும் அந்த ஒரு வரியில் இருந்தது. எனக்கு அது விளங்க நான்கு ஆண்டு ஆனது.

1985 செப்டம்பரில் ஜகார்த்தாவில் ஆசிய ஓட்டப்பந்தயப் போட்டி. மலேசிய வானொலியின் தமிழ்ச் செய்தியில் பி. ராஜ்குமார் பெயரைக் கேட்டபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆண்கள் எண்ணூறு மீட்டரில் தங்கம், 1 நிமிடம் 47.37 விநாடி. நம் ஆள், தமிழ்ப் பெயர், ஆசியாவில் முதல். அதே போட்டியில்தான் பி.டி. உஷா ஐந்து தங்கம் வாங்கினார். மறுநாள் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டிலிருந்து தமிழ் நேசன் தாளை இரவல் வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டேன். 1:47.37. இரண்டு சுற்று. பள்ளித் திடலில் நான் ஓடிய இரண்டு சுற்றுக்கு அப்போது இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரே தூரத்தை ஒரு மனிதன் இவ்வளவு சீக்கிரம் கடக்க முடியும் என்ற எண்ணமே என்னைப் பல இரவு தூங்கவிடவில்லை.

அப்பாவுக்கு அதைவிடப் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி நானூறு மீட்டரில் தங்கம் வென்றதை அவர் வானொலியில் கேட்டவர். ராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் நானூறும் எண்ணூறும் அவருக்கே. "அந்தப் புள்ளையும் நம்ம மாரிதான்" என்பார் அப்பா. அதற்குமேல் விளக்க மாட்டார்.

அப்பாயி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்பிள்ளை இப்படி ஓடினால் வயிறு இறங்கிவிடும் என்று பயந்தார். அப்பாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படித்த உலகமே அப்படித்தான் நம்பியது. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எண்ணூறு மீட்டர் வைத்தார்கள். பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி அடுத்த போட்டியிலேயே எடுத்துவிட்டு, 1960-இல் ரோமில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டு. அந்த முப்பத்திரண்டு ஆண்டும் எங்கள் பாட்டிமார் வாளி நிறையப் பாலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் உடம்பு தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

1987, ஐந்தாம் படிவம். தோட்டப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு ஒரு வருடம் கூடுதல் என்பதால் எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன், 2 நிமிடம் 27. மாநிலப் போட்டிக்குக் கிள்ளான் போக அது போதும். அதற்குமேல் யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் இரவு மழை. புல்தரை சொதசொதவென்று இருந்தது. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஸ்பைக் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிக்கு எங்கிருந்தோ எனக்கும் ஒரு சோடி இரவல் வாங்கி வந்திருந்தார். ஓர் அளவு பெரியது. முன்னால் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுப் பார்த்தேன், வளைவில் கால் உள்ளேயே வழுக்கியது. கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. "முதல் சுற்று 68. அதற்குள் வந்தால் நான் கோபப்படுவேன்" என்று மட்டும் சொன்னார்.

இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேர். எனக்கு ஏழாம் பாதை. வெளிப்பாதையில் நிற்கிறவளுக்கு முன்னால் ஒருத்திதான் தெரிவாள், மற்ற ஆறு பேரும் முதுகுக்குப் பின்னால் மூச்சாக மட்டும் இருப்பார்கள். வெடி கேட்டதும் அந்த மூச்சு நெருங்கி வந்தது. கால் தானாக வேகம் எடுத்தது, அதை அடக்கினேன். சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி கரைந்திருந்தது, கொடி மட்டும் தெரிந்தது. கொடியைக் கடந்தேன், கடந்தபின் இன்னும் ஓர் எட்டு வைத்தேன். ஷைனியை நினைத்துக்கொண்டுதான் அந்த ஓர் எட்டு. பிறகு கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் கால் வைத்தேன்.

உள்ளே ஒரு நெரிசல். இடது பக்கம் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வெட்டி இறங்கினார்கள். யாரோ கத்தினாள், யாரோ தடுமாறிக் கையை ஊன்றி எழுந்தாள். நான் வெளியே தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் வளைவு தொடங்கும்போது உள்பாதை என் காலடிக்கு வந்தது. கடைசிக்கு முந்தியவளாக இருந்தேன்.

மணி அடித்தபோது சிக்கு "அறுபத்தெட்டு!" என்று கத்தியது கேட்டது. முன்னால் போனவர்கள் 64-இல் கடந்திருந்தார்கள் என்று பின்னால் சொன்னார். அந்த நேரத்தில் அவர்களுக்கும் எனக்கும் இடையில் இருபது மீட்டருக்கு மேல் இருந்திருக்கும். பார்க்க அது பெரிய தூரம். ஆனால் அவர்களுடைய தோள் உயரத் தொடங்கிவிட்டது. தோள் காதுப் பக்கம் ஏறிவிட்டால் அந்த ஆளிடம் கை மிச்சம் இல்லை என்று அர்த்தம். முந்நூறாவது மரத்துக்குப் பிறகு புது ஆட்களின் தோளும் அப்படித்தான் ஏறும், நான் எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். பின்நேர்ப்பாதையில் நான்கு பேரைக் கடந்தேன். அவசரப்படவில்லை, அவர்கள்தான் என் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். கடைசி வளைவில் முன்னால் இரண்டே பேர். வளைவில் வெளியே இழுத்து முந்தினால் தூரம் வீணாகும் என்று அவர்கள் குதிகாலுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டேன். நேர்ப்பாதை திறந்தது. அப்போதுதான் வைத்திருந்ததை எடுத்தேன்.

அந்த நூறு மீட்டரைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. உண்மையில் ஞாபகம் இருப்பது கொஞ்சம்தான். ஈரப் புல் விரலிடுக்கில் அறுபடுவது. வலது பக்கம் யாரோ மலாயில் "அந்தச் சின்னப் பெண், அந்தச் சின்னப் பெண்" என்று கத்துவது. பிறகு முன்னால் யாரும் இல்லாத புல்வெளி. அந்தப் புல்வெளியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

2 நிமிடம் 18.6. நேரம் குறித்தவர் என் மார்பு எண்ணை இரண்டு தடவை கேட்டு எழுதினார். சிக்கு எதுவும் பேசாமல் அந்த இரவல் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

இரவு லயத்துக்குத் திரும்பியபோது மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று எட்டு மணிக்கே படுத்துவிடும் அப்பா, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனாவது?"

"ஒண்ணாவதுப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "கடைசில கை நடுங்குச்சா?"

"இல்ல."

"ம்" என்று எழுந்து உள்ளே போனார். அம்மா அழுதுகொண்டே தட்டில் சோறு போட்டார்.

தேசியப் பள்ளிப் போட்டியில் நான்காவதாக வந்தேன். அதுபற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எனக்கு முன்னால் வந்த மூவரும் என்னைவிட நன்றாக ஓடினார்கள். ஆனால் அங்கேதான் அமெரிக்காவில் படித்த ஒரு போட்டி அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அங்கே கல்லூரிகள் ஓடுகிற பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவைக் கொடுக்கும் என்றார். ஒரு தாளில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அதை மடித்து மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அந்த ஆண்டு முடியும்போது அப்பாவின் 510 மரத்தையும் சாய்த்துவிட்டார்கள். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செம்பனைக்கு மாற்றினார்கள். எங்கள் வட்டாரத்துக்குச் செம்பனை புதிதில்லை. 1917-இல் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை போட்டது எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான். அதன் பெயர் தென்னமரம். செம்பனை வந்து எழுபது ஆண்டு கழித்தும் அந்தத் தோட்டம் தென்னையின் பெயரில், அதுவும் தமிழ்ப் பெயரில், நின்றுகொண்டிருந்தது. ஆனால் பால்மரத்தை மட்டுமே அறிந்த அப்பாவுக்கு, நாற்பத்தைந்து வயதில் வெளிக்காட்டு வேலை கொடுத்தார்கள். கான் வெட்டுவது, புல்லுக்கு மருந்தடிப்பது. மரம் சாய்ந்த அன்று அவர் உளியைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். அதைப் பிறகு எடுக்கவே இல்லை.

லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை செய்ய ஆள் இல்லையென்றால் வீடும் இல்லை. அப்பாவுக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்தபோது, "பெரிய பொண்ணு பேரச் செக்ரோல்ல பதிஞ்சி வையி" என்று அப்பாயி சொல்லத் தொடங்கினார். செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாள் பதிவேடு. வாரம் ஒரு தடவையாவது அந்தப் பேச்சு வரும். எந்தக் கல்லூரி என்று நான் யோசித்ததெல்லாம் இந்தப் பேச்சுக்கு நடுவில்தான்.

1988-இல் தேர்வு முடிவு வந்தது. நல்ல முடிவு. மூன்று வழி தெரிந்தது. கிராணி, ஆறாம் படிவம் போகச் சொன்னார். கிள்ளானில் தங்கிப் படித்து, பிறகு பல்கலைக்கழகம். அவர் எப்போதும் காட்டும் உதாரணம் மணி ஜெகதீசன். மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966-இல் பாங்காக்கில் மூன்று தங்கம், அதோடு டாக்டர். "ஓட்டமும் படிப்பும் ஒண்ணா போவும்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கிள்ளானில் தங்க இடமும் சாப்பாடும் இரண்டு வருடத்துக்கு யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த உதாரணத்தில் பதில் இல்லை.

இரண்டாவது, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த தாள். வான்கடிதம் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பயிற்சியாளர் அன்பாகவே எழுதியிருந்தார். செயற்கைத் தளத்தில் ஓடிய நேரம் உண்டா என்று கேட்டார். ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், கட்டணம் டாலரில். எல்லாம் சரியாக அமைந்தால் செலவில் பாதியைக் கல்லூரி ஏற்கும் என்றார். மீதிப் பாதியைக் கிராணி வெள்ளியில் கணக்குப் போட்டுக் காட்டினார். அம்மாவும் அப்பாவும் வருடக்கணக்கில் வாங்கும் சம்பளம். கடிதத்தைத் திரும்பப் படத்துக்குப் பின்னாலேயே வைத்தேன். பதில் போடாமல் விட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த மனிதர் என் பெயரைச் சரியாக எழுதியிருந்தார்.

மூன்றாவது, சிரம்பானில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஐந்து பருவம், இரண்டரை ஆண்டு. தங்கும் விடுதி உண்டு, மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடித்ததும் அரசாங்க வேலை. அம்மாவுக்கு இதில் இரண்டாவது பேச்சே இல்லை. தம்பி தங்கைக்கு வெளியே ஒரு வீடு பிடிக்கலாம், தோட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

எண்ணூறு மீட்டருக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய வயது, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது மூன்று வேளை முட்டையும் கறியும் சேர்ந்த சாப்பாடு, நல்ல தளம், அதைத் தவிர வேறு கவலை இல்லாத தலை. திறமைக்கு எங்கள் தோட்டங்களில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. என்னோடு மழைக்கு முன் வாளியோடு ஓடிய பிள்ளைகளில் என்னைவிட வேகமான இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பதினாறு வயதில் செக்ரோலில் பெயர் பதிந்தாள். இன்னொருத்தியைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களை யாரும் கடிகாரம் வைத்து அளக்கவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, அதனால்தான் அடிக்கடி சொல்கிறேன்.

சிரம்பானுக்குத்தான் போனேன். அங்கே என் சிறந்த நேரம் 2:15.9. அதற்குக் கீழே போனதில்லை. பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் வேலை, பெரும்பாலும் வட சிலாங்கூரிலேயே. புத்தகப்பையில் ராபியா கயிறு இல்லாமல் நான் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. இன்றைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு படிப்புக்கு, பத்து புறப்பாடத்துக்கு. அந்தப் பத்துக்காகப் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோரை நான் குறைவாக நினைப்பதில்லை. எப்படியாவது வரட்டும். ஓடினால் சிலருக்குப் பிடித்துப்போகும்.

பத்தாங் பெர்ஜுந்தையில் இப்போது ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. 2011-இல் கோலாலம்பூரிலிருந்து விரைவுச்சாலை வந்துவிட்டது. 2023-இல் கம்போடியாவில் நடந்த சீ விளையாட்டில் ஈப்போவைச் சேர்ந்த ஷெரீன் சாம்சன் வல்லபோய் நானூறு மீட்டரில் தங்கம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வினோனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடிய பிள்ளை. அம்மா அப்பா இரண்டு பேரும் நாட்டுக்காக நானூறு மீட்டர் ஓடியவர்கள். அந்தப் பிள்ளை கோட்டைத் தொட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பொறாமை துளியும் இல்லை. அந்த வான்கடிதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்ததுபோல் இருந்தது.

சிரம்பான் போய் வந்த ஒரு நாளை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

கல்லூரியிலிருந்து கடிதம் வந்த வாரம். அம்மாவுக்கு மகிழ்ச்சி, கிராணிக்கு வருத்தம், அப்பாயிக்கு எதுவும் விளங்கவில்லை. அப்பா மட்டும் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி இருமலுக்கு நடுவில் கேட்டார்.

"அங்க ஓட எடம் இருக்கா?"

தெரியாது என்றேன். கடிதத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை. அவ்வளவு பேர் அவ்வளவு நாள் பேசியதில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் மண்சடக்கில் நடந்து தார்ச்சாலைக்கு வந்து, பஸ் பிடித்துக் கோலாலம்பூர். புடுராயாவில் அடுத்த பஸ். சிரம்பான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அவர் அதற்கு முன் அவ்வளவு தெற்கே வந்ததில்லை. வழி நெடுக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இது நல்ல கட்டை, இதுல பால் இருக்கும்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

காவற்காரரிடம் அப்பா தனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். மகள் இங்கே படிக்க வரப்போகிறாள், திடலைப் பார்க்க வேண்டும். வகுப்பறை பார்க்க வேண்டாமா, விடுதி பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், திடல்தான் என்றார் அப்பா. அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

புல்தரை. வெட்டி ஒழுங்காக இருந்தது, வெயிலில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்பாதை விளிம்பில் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நிரையில் நடக்கும் அதே நடை, ஒரே அளவான எட்டு. உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று எனக்கு வளைவில்தான் விளங்கியது. கூப்பிடவில்லை. எண்ணும்போது அவரைக் கூப்பிடக் கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

முழுச் சுற்றையும் நடந்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருமல் அடங்கும்வரை முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தார்.

"ஐந்நூத்தி நாப்பது" என்றார். "என் மரத்துக்கு முப்பது கூட. ஓடிருவ."